திருவனந்தபுரத்தில் வெள்ளம்: குடிபெயரும் மக்கள், மாறும் வீட்டு விலை

திருவனந்தபுரம்: வெள்ள நீர் சில நாட்களில் வடிந்துவிடும். ஆனால், யார் எங்கே குடியிருப்பது, நிலம் என்ன விலைக்குப் போவது என்பவற்றில் அதன் தாக்கம் பல ஆண்டுகள் நீடிக்கும். கேரளத் தலைநகர் திருவனந்தபுரம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

2023 வெள்ளம்

2023 அக்டோபர் 15 அன்று பெய்த கனமழையில் ஆமையிழஞ்சான் கால்வாய் பெருக்கெடுத்து, கௌரீசபட்டம், கண்ணம்மூலை பகுதி வீடுகளுக்குள் நீர் புகுந்தது. கழக்கூட்டத்தில் தெட்டியாறு கரைபுரண்டதால், டெக்னோபார்க் தகவல் தொழில்நுட்ப வளாகத்தின் ஒரு பகுதியும் நீரில் மூழ்கியது.

விலை குறையாதது ஏன்?

2001-2011 காலகட்டத்தில் திருவனந்தபுரம் மாவட்ட மக்கள்தொகை சுமார் 2 சதவீதம் மட்டுமே உயர்ந்து, 33 லட்சத்தை எட்டியது. எனினும் நகரம் விரிந்துகொண்டே சென்றது. 2010-ல் கழக்கூட்டம், ஸ்ரீகாரியம் உள்ளிட்ட 5 ஊராட்சிகள் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. 1990-ல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் தரும் வேலைவாய்ப்பால், அதைச் சுற்றியுள்ள பகுதிகளில் வீடுகளுக்கான தேவை தொடர்கிறது.

வெள்ளத்துக்குப் பின் தாழ்வான பகுதிகளில் வீட்டு விலை சரிவதும், நினைவு மங்கியதும் மீண்டும் உயர்வதும் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. வசதி உள்ளவர்கள் மேட்டு நிலத்தைத் தேடிச் செல்ல, அங்கு விலை ஏறுகிறது. விற்க முடியாதவர்களும் குறைந்த வாடகை தேடுபவர்களும் தாழ்நிலத்திலேயே தங்கிவிடுகின்றனர்.

கடலோர மக்களின் நிலை

மேற்கே கடலோரத்தில் பாதிப்பு இன்னும் கடுமையானது. அங்கு கடல் அரிப்பு நிலத்தையே விழுங்கிவிடுவதால், விற்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. வலியதுறை பகுதியில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் பல, நிவாரண முகாம்களில் நீண்ட காலம் தங்க நேர்ந்தது. முட்டத்தறையில் கட்டப்பட்ட 192 அடுக்குமாடி வீடுகள் 2018 அக்டோபரில் இத்தகைய குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன.

கடலிலிருந்து 50 மீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு மாநில அரசின் 'புனர்கேகம்' திட்டம் 10 லட்சம் ரூபாய் வழங்க வகை செய்தது. இதில் 6 லட்சம் வரை நிலம் வாங்கவும், எஞ்சியது வீடு கட்டவும் ஒதுக்கப்பட்டது. நகர எல்லைக்குள் இத்தொகைக்கு நிலம் கிடைப்பது அரிது. தொலைவில் வாங்கினால் கடலும் தொழிலும் கைவிட்டுப் போகும். பாதுகாப்பான வீடா, பிழைப்பா என்ற இக்கட்டில் அவர்களை நிறுத்துவது நிலத்தின் விலையே.