வெர்ஜீனியா 10ஆம் காங்கிரஸ் தொகுதி: சட்டமன்றத்தினரின் போட்டி

அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில், தலைநகர் வாஷிங்டனுக்கு மேற்கே விரிந்து கிடக்கும் தொகுதி இது. லௌடன் கவுண்டி முழுவதும், ஃபாக்கியர், ராப்பஹானக் கவுண்டிகள், மனாசஸ் நகரம், பிரின்ஸ் வில்லியம், ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிகளின் சில பகுதிகள் ஆகியவை இதில் அடங்கும். கிழக்கே தரவு மையங்களும் புதுக் குடியிருப்புகளும், மேற்கே குதிரைப் பண்ணைகளும் திராட்சைத் தோட்டங்களும். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் எப்போது காங்கிரசுக்குத் தாவத் துணிகிறார், அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை அறிய இதைவிடத் தெளிவான களம் கிடைப்பது அரிது. 2014 முதல் 2024 வரை இத்தொகுதியில் வென்ற மூவருமே ரிச்மண்டிலுள்ள மாநிலச் சட்டமன்றத்திலிருந்து வந்தவர்கள். கட்சி மாறியது, பாதை மாறவில்லை.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. மீண்டும் நிற்கும் சிட்டிங் உறுப்பினர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வென்றுவிடுகிறார்கள். அதனால் பெயரும் பதவியும் உள்ள ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், கையிலிருப்பதை விட்டுவிட்டு அவர்களோடு மோத விரும்புவதில்லை. ஓய்வு, மரணம், உடல்நலக் குறைவு, வேறு பதவிக்கான போட்டி என ஏதோ ஒரு காரணத்தால் சிட்டிங் உறுப்பினர் விலகும்போதுதான் வாசல் திறக்கிறது. இதை அங்கே ‘ஓப்பன் சீட்’ என்கிறார்கள். கட்சித் தலைமை ஒருவரை அழைத்து சீட்டைக் கையில் கொடுக்கும் வழக்கமும் அங்கே இல்லை. விரும்பியவர் எல்லாம் உட்கட்சித் தேர்தலில் நின்று வாக்காளர்களிடமே சீட்டை வாங்க வேண்டும். மேலே போக நினைக்கும் அரசியல்வாதியின் ஆசையைத் தனி ஆய்வுப்பொருளாக்கி ஜோசஃப் ஷ்லெசிங்கர் 1966இல் எழுதிய நூலுக்குப் பிறகு, இந்தக் கணக்கை அரசியல் அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

கணக்கின் ஒரு பக்கம் ஊதியமும் பதவியும். வெர்ஜீனியா சட்டமன்றம் முழுநேர வேலை அல்ல. இரட்டைப்படை ஆண்டுகளில் 60 நாள் கூடும். ஒற்றைப்படை ஆண்டுகளில் 30 நாளுக்குக் கூடி, வழக்கமாக 46 நாள் வரை நீளும். 2024 நிலவரப்படி மேலவையான செனட்டின் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 18,000 டாலர். 100 பேர் கொண்ட கீழவையின் உறுப்பினருக்கு 17,640 டாலர். காங்கிரஸ் உறுப்பினருக்கோ 1,74,000 டாலர். மறுபக்கம் புதிய களத்தின் பரப்பு. மாநில செனட் தொகுதியில் சுமார் 2.15 லட்சம் மக்கள். கீழவைத் தொகுதியில் சுமார் 86,000 பேர். காங்கிரஸ் தொகுதியிலோ ஏறத்தாழ 7.8 லட்சம் பேர். செனட்டராக இருப்பவரையும் காங்கிரஸ் தொகுதியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் தங்கள் உறுப்பினராக அறிந்ததில்லை.

பணத்தில் இன்னொரு சிக்கல். வெர்ஜீனியா மாநிலத் தேர்தல்களில் நன்கொடைக்கு உச்சவரம்பே கிடையாது. ஒரே ஆள் எவ்வளவு பெரிய காசோலையும் கொடுக்கலாம். காங்கிரஸ் தேர்தலில் கூட்டாட்சிச் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2023–24 காலத்தில் ஒரு தனிநபர் ஒரு தேர்தலுக்கு 3,300 டாலருக்கு மேல் கொடுக்க முடியாது. மாநிலத் தேர்தலுக்குச் சேர்த்த நிதியைக் காங்கிரஸ் பிரச்சாரக் கணக்குக்கு மாற்றவும் முடியாது. பல ஆண்டு அனுபவமுள்ளவரும் உண்டியலைக் காலியாக வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

போட்டியிடுவதா வேண்டாமா என்று யோசிக்கும் காலத்துக்கும் சட்டம் இடம் வைத்திருக்கிறது. ஆழம் பார்ப்பவர் கருத்துக்கணிப்பு எடுக்கலாம், ஊர் ஊராகப் போகலாம், ஆதரவாளர்களுக்குத் தொலைபேசியில் பேசலாம். அதற்கான செலவு 5,000 டாலரைத் தாண்டினாலும் உடனே வேட்பாளராகப் பதிய வேண்டியதில்லை. ஆனால் வாங்கும் பணம் கூட்டாட்சி வரம்புக்குள்தான் இருக்க வேண்டும். நிற்கிறேன் என்று சொல்லிவிட்டாலோ, தன்னை வேட்பாளராகக் காட்டி விளம்பரம் செய்துவிட்டாலோ, யோசிக்கும் காலம் அத்துடன் முடிகிறது.

இத்தனை தடைகளுக்கும் எதிராக வெர்ஜீனியா சட்டமன்றத்தினருக்கு ஒரு பெரும் சலுகை உண்டு. அது நாட்காட்டி. மாநிலத் தேர்தல்கள் ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கின்றன, காங்கிரஸ் தேர்தல்கள் இரட்டைப்படை ஆண்டுகளில். பதவி விலகிவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்ற சட்டம் ஃப்ளோரிடா, அரிசோனா போன்ற மாநிலங்களில் உண்டு, வெர்ஜீனியாவில் இல்லை. தோற்றால் பழைய நாற்காலி அப்படியே காத்திருக்கும். இத்தொகுதியில் வாசல் திறந்தபோது நேர்ந்த நெரிசலுக்கு இதுவே முதற்காரணம் என்று சொல்லலாம்.

குடியரசுக் கட்சியின் ஃபிராங்க் வுல்ஃப் 1981 முதல் 34 ஆண்டுகள் இத்தொகுதியை வைத்திருந்தார். அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அவர் அறிவித்தது 2013 டிசம்பரில். அதற்கு முந்தைய மாதம்தான் பார்பரா காம்ஸ்டாக் மாநிலக் கீழவைக்கு மறுபடியும் வென்றிருந்தார். அவர் 2014இல் காங்கிரசுக்கு வென்றார். காலியான கீழவை இடத்தை, 2013இல் அவரிடம் தோற்ற கேத்லீன் மர்ஃபி 2015 ஜனவரி இடைத்தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்காகக் கைப்பற்றினார். 2018இல் காம்ஸ்டாக்கைத் தோற்கடித்தவர் ஜனநாயகக் கட்சியின் மாநில செனட்டர் ஜெனிஃபர் வெக்ஸ்டன். சிட்டிங் உறுப்பினரோடு மோதத் துணிந்த அரிதானவர்களில் ஒருவர் அவர். குடியரசுக் கட்சிக்கு எதிரான அந்த ஆண்டின் அலை அவருக்குக் கைகொடுத்தது. வெக்ஸ்டன் விட்டுச்சென்ற செனட் இடத்துக்கு 2019 ஜனவரியில் கீழவையிலிருந்து ஜெனிஃபர் பாய்ஸ்கோ வந்தார். பாய்ஸ்கோவின் இடத்துக்கு அடுத்த மாதமே இன்னொரு இடைத்தேர்தல்.

வெக்ஸ்டனின் விலகல் துயரமானது. 2023 ஏப்ரலில் தமக்குப் பார்க்கின்சன் நோய் என்று அறிவித்தார். செப்டம்பரில், அது அதைவிடக் கடுமையான, மருந்துக்குக் கட்டுப்படாத நரம்புச் சிதைவு நோய் என்று தெரியவந்தது. மீண்டும் போட்டியிடவில்லை என்றார். குரல் தேய்ந்த பிறகும் அவர் அவைக்கு வருவதை நிறுத்தவில்லை. 2024 ஜூலையில், செயற்கை நுண்ணறிவு மீட்டுத்தந்த தம் பழைய குரலில் சபையில் உரையாற்றினார். தொகுதி வரலாற்றில் பதவிப் போட்டிகளைவிட அந்த உரையே நெடுங்காலம் நினைவில் நிற்கத் தக்கது.

அவர் விலகல் அறிவித்தபோது மாநிலச் சட்டமன்றத்தின் 140 இடங்களுக்கும் பிரச்சாரம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பதவிக்கு வாக்குக் கேட்டபடியே இன்னொன்றை மனதுக்குள் எடைபோட வேண்டிய நிலை பலருக்கு. லௌடனைச் சேர்ந்த சுஹாஸ் சுப்ரமணியம் 2019இல் கீழவைக்குத் தேர்வானவர். அதற்கு முன் ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் தொழில்நுட்பக் கொள்கை ஆலோசகராக இருந்தவர். 2023 நவம்பரில் புதிய 32ஆம் செனட் தொகுதியில் வென்றார். அம்மாதமே காங்கிரஸ் போட்டியை அறிவித்தார்.

ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் பன்னிரண்டு பெயர்கள் நின்றன. செனட்டர்களாக இருந்த சுப்ரமணியமும் பாய்ஸ்கோவும், கீழவையிலிருந்து டேன் ஹெல்மர், டேவிட் ரீட், மிஷெல் மல்டோனாடோ ஆகியோரும் அவர்களில் அடக்கம். கீழவையின் முதல் பெண் சபாநாயகராக இருந்த எய்லீன் ஃபில்லர்-கார்னும் நின்றார். இரண்டாம் சுற்று வாக்கெடுப்பு இங்கே கிடையாது. அதிகம் பெற்றவருக்கே வெற்றி. 2024 ஜூன் 18 அன்று பதிவானவை சுமார் 44,000 வாக்குகள். சுப்ரமணியம் 30 விழுக்காட்டுக்குச் சற்று மேலும், ஹெல்மர் ஏறத்தாழ 27 விழுக்காடும் பெற்றனர். முன்னாள் சபாநாயகருக்குப் பத்து விழுக்காடும் கிடைக்கவில்லை. ரிச்மண்டில் உயர்ந்த நாற்காலி இருந்தது, ஆனால் அவருடைய வேர் ஃபேர்ஃபாக்ஸில். இத்தொகுதி மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாழ்வது லௌடனில். பதவிச் சிறப்பைவிட ஊர்ப்பழக்கம் வலியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தேர்தலுக்கு முன் வெக்ஸ்டன் சுப்ரமணியத்தை ஆதரித்ததும் அவருக்குப் பலமாயிற்று. நவம்பரில் குடியரசுக் கட்சியின் மைக் கிளான்சியை ஏறத்தாழ 52 விழுக்காடு வாக்குகளுடன் வென்று, வெர்ஜீனியாவிலிருந்து காங்கிரசுக்குப் போன முதல் இந்திய வம்சாவளியினர் ஆனார்.

அதே ஜூன் நாளில் வெர்ஜீனியாவின் 5ஆம் தொகுதியில், 2023இல்தான் மாநில செனட்டுக்குத் தேர்வான ஜான் மெக்குவைர் தம் குடியரசுக் கட்சியின் சிட்டிங் உறுப்பினர் பாப் குட்டை எதிர்த்து 400க்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வாசல் திறக்கக் காத்திராத துணிச்சல் அது.

தாவுபவருக்கு நட்டமில்லாத இந்த ஏற்பாட்டில் நட்டம் வாக்காளருடையது. 32ஆம் செனட் தொகுதி மக்கள் தம் உறுப்பினரை நான்கு ஆண்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள், கிடைத்தது ஓராண்டு. அவர் இடத்துக்குக் கீழவையின் கண்ணன் சீனிவாசன் போட்டியிட, அவருடைய 26ஆம் கீழவைத் தொகுதியும் காலியானது. செனட்டில் ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மை 21–19, கீழவையில் 51–49 என்று நூலிழையில் தொங்கியதால், இரு அவைகளின் கட்டுப்பாடும் இந்த இடைத்தேர்தல்களை நம்பி நின்றது. ஒருவரின் பதவி உயர்வுக்காக ஒரு மாநிலத்தின் ஆட்சிப் பெரும்பான்மையைப் பணயம் வைப்பது முறையான ஏற்பாடு அல்ல. பதவிக்காலத்தின் முதல் ஆண்டிலாவது வேறு பதவிக்கு நிற்பவர் முன்கூட்டியே விலக வேண்டும் என்று வெர்ஜீனியா ஒரு விதி செய்துகொள்வது நல்லது.

2025 ஜனவரி 7 அன்று, முந்தைய நாள் கொட்டிய பனி உருகாத சாலைகளில் லௌடன் வாக்காளர்கள் மறுபடியும் சாவடிக்கு வந்தார்கள். சீனிவாசன் செனட்டுக்கு வென்றார். அவர் விட்ட கீழவை இடத்தில் ஜே.ஜே. சிங் வென்றார். இரு அவைகளின் கணக்கும் பழையபடியே நின்றது. 32ஆம் தொகுதிக்கு அடுத்த வழக்கமான செனட் தேர்தல் 2027 நவம்பரில்.