மலையகத்தின் மழைக் கம்பளி

மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இலங்கை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் வந்து மோதும்போது, வட்டவளை, கினிகத்தேனை, மஸ்கெலியா முதலிய பிரதேசங்களில் நாட்கணக்காக மழை ஓய்வதில்லை. வட்டவளையில் வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பொழியும் அந்த மழையில், விடியற்காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலையேறிய நம் முன்னோர் எதைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள் என்பது தோட்டச் சரித்திரத்தில் தனி அத்தியாயமாக எழுதத்தக்க விஷயம்.

1824இல் கம்பளைக்கு அருகே ஜார்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்ட காலத்துக்குப் பின், இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி முதலிய வறண்ட சீமைகளிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள், இப்படிப்பட்ட குளிரையும் ஓயாத மழையையும் ஜன்மத்தில் கண்டறியாதவர்கள். அவர்களுக்குத் தோட்டம் கொடுத்த கவசம் ஒரு முரட்டுக் கம்பளி, அதுவும் தானமன்று. அரிசியோடும் முன்பணத்தோடும் கம்பளியின் விலையும் அவரவர் பற்றுக் கணக்கில் ஏறிற்று. தொழிலாளியின் கடனைச் சீட்டில் குறித்து அவரைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, குடும்பங்களை ஆள் சேர்த்து வேலைவாங்கிய கங்காணியோடும் தோட்டத்தோடும் பிணைத்து வைத்த கடனில் அந்தக் கம்பளிக்கும் ஒரு பங்கு உண்டு. மழை தோட்டத்துக்கு லாபம், அந்த மழையில் நிற்பதற்கான உடை தொழிலாளிக்குக் கடன் என்ற இந்தக் கணக்கு எந்தத் தர்மத்துக்கும் ஒவ்வாதது என்றே நான் கருதுகிறேன்.

கம்பளியின் குணத்தையும் சொல்ல வேண்டும். ஒரு மூலையை உள்ளே மடித்துக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டால், தலையும் முதுகும் ஒருங்கே மறைவதோடு, உச்சந்தலையில் இழுபடும் கூடைக் கயிற்றுக்கு அது ஒரு மெத்தையாகவும் அமையும். ஆட்டுரோமம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் ஈரமாகத் தோன்றாது. நனைந்த நிலையிலும் சரீரத்தின் உஷ்ணத்தை ஓரளவு காத்து நிற்கும். ஆனால் பகல் முழுதும் பெய்கிற மழைக்கு எந்த ரோமமும் ஈடுகொடுக்காது. அந்தியில் அது சுமையாகக் கனத்து, 10 அடிக்கு 12 அடியான லயத்துக் காம்பிராவில் அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கி, விடியும்போது புகை நாற்றத்தோடும் பாதி ஈரத்தோடும் மறுபடியும் தோளில் ஏறும். இடுப்புக்குக் கீழே நிலைமை வேறு: வானத்து நீரைவிடத் தேயிலைச் செடிகளின் நீரே அங்கே அதிகம் நனைக்கும், கவ்வாத்து வெட்டிய கிளை முனைகள் சேலையைக் கிழிக்கும். அதற்காகப் பெண்கள் சாக்கைக் கிழித்துப் படங்காகக் கட்டிக்கொண்டார்கள்.

இதே காலத்தில் மேனாட்டில் நடந்ததையும் நினைக்க வேண்டும். 1823இல் ஸ்கொத்லாந்துக்காரரான சார்ல்ஸ் மக்கின்ரொஷ் இரண்டு துணிகளுக்கிடையே இறப்பரைப் பூசி நீர் புகாத துணிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். மீன் பிடிப்போரும் மாலுமிகளும் ஆளிவிதை எண்ணெய் ஊட்டிய அங்கிகளை அணிந்தனர். தோட்டத்துரைமாரும் மழையங்கி அணிந்தே மலை பார்த்தனர். 1876இல் கியூ தோட்டத்திலிருந்து இறப்பர் கன்றுகள் ஹெனரத்கொடைக்கு வந்து, பின்னர் களுத்துறை, கேகாலைப் பக்கங்களில் காடாகப் பெருகியபோது, பால் வெட்டியவர்களில் பெருந்தொகையினர் நம்மவர்களே. அவர்களுடைய கரங்களின் வழியே கப்பலேறிய இறப்பர், மழையங்கியாகக் கொழுந்து பறிப்பவளின் தோளுக்குத் திரும்பி வரவில்லை.

பின்னாளில் பிளாஸ்டிக் விரிப்பு வந்தது. அது மழையைத் தடுக்கிறது. வியர்வையையும் வெளியே விடாமல் அடைத்து வைக்கிறது. காற்றில் படபடத்துக் கிளையில் மாட்டிக் கிழிகிறது. கால் வைக்கும் இடத்தை மறைத்து, வழுக்குகின்ற சரிவில் ஆபத்தையும் உண்டாக்குகிறது. மழையில் காலில் ஏறும் அட்டைக்கு இன்றும் உப்பும் சவர்க்காரமுமே மருந்து. மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது, இலையில் தங்கிய மழைநீருக்கென்று சில கிலோ கழிக்கிற வழக்கமும் கம்பளிக் காலத்தைத் தாண்டியும் நிற்கிறது.