தக்கிளியும் திண்ணையும்

பள்ளிப் பிள்ளைக்கு ஒழுக்கத்தைக் கற்றுத் தந்தது நீதிநூல்கள்தான் என்று நம்பிவிட்டோம். திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் மனப்பாடமாயின. ஆனால் வரி நாவில் ஏறிய அளவுக்கு நடத்தையில் ஏறியதா என்பது வேறு கேள்வி. திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டிப் பக்கத்தில் 1947-இல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் இதற்கு வேறொரு விடையை முன்வைத்தது. 1937 வார்தா மாநாட்டில் உருவான ஆதாரக் கல்வியின் வழியில், கைத்தொழிலே அங்கே பாடத்தின் நடு. நூல் நூற்கும் கைக்கருவியான தக்கிளியில் அவசரப்பட்டால் நூல் அறும்; பொறுமை என்ற சொல்லை விளக்க ஆசிரியர் தேவையில்லை. ஆசிரியரும் உடன் உட்கார்ந்து நூற்பது என்ற ஏற்பாட்டில்தான் உண்மையான பாடம் இருந்தது என்பேன்.

ஏழைப் பிள்ளையை ராட்டையோடு கட்டிப்போடும் வேலை இது என்ற எதிர்ப்பு நியாயமற்றதல்ல. 1953-இல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதைக் குடும்பத் தொழிலுக்கு ஒதுக்கியபோது, அதைக் ‘குலக்கல்வி’ என்று பெரியார் எதிர்த்தது சரியே. மறு ஆண்டே காமராஜர் அதைக் கைவிட்டார். ஆயினும் அந்தத் திட்டமும் ஆதாரக் கல்வியும் ஒன்றல்ல. அங்கே பிறப்பு தொழிலைத் தீர்மானித்தது. இங்கே எந்தச் சாதிப் பிள்ளையும் ஒரே தக்கிளியைப் பிடிக்க வேண்டும். பெற்றோர் தேர்வையும் உத்தியோகத்தையும் நாடினார்கள், அதில் தவறென்ன? ஆதாரக் கல்வி தேய்ந்தது. காந்திகிராமமோ 1956-இல் கிராமிய உயர்கல்வி நிறுவனமாகவும், 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது.