சேம அச்சு: மலைப் பயணத்துக்கு ஒரு பழைய பட்டியல்

நாமகிரிப்பேட்டையில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் ஏதேனும் ஒரு மலை கண்ணில் படும். வடக்கே போதமலை, கிழக்கும் தென்கிழக்குமாகக் கொல்லிமலை. ஆயினும் எங்கள் குடும்பம் மலையை அண்ணாந்து பார்த்த அளவுக்கு ஏறிப் பார்த்ததில்லை. மஞ்சள் மண்டி, கல்லூரி, பிள்ளைகளின் தேர்வு என்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

இவ்வாண்டு அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. என் மைத்துனர் பழைய வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளில் பாதியைக் கழற்றிவிட்டு, இரண்டு படுக்கை, ஒரு சிறு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பொருத்தியிருக்கிறார். வரும் கோடை விடுமுறையில் கொல்லிமலையில் தொடங்கி, ஏற்காடு, சவ்வாது மலை, செங்கம் என்று சுற்றி, இறுதியில் நீலகிரி வரை பத்து நாள் பயணம் என்பது திட்டம். வண்டியிலேயே சமையல், வண்டியிலேயே உறக்கம். பட்டியல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. தமிழாசிரியன் கையில் பட்டியல் எழுதும் வேலையைக் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதை நண்பர்கள் அறிவீர்கள். என்னுடைய பட்டியல் உமணரிடம் போய் நின்றது.

உமணர் என்போர் சங்ககால உப்பு வணிகர். நெய்தல் நிலத்து உப்பளங்களில் உப்பை வாங்கி, வண்டிகளில் ஏற்றி, உள்நாட்டு ஊர்கள்தோறும் சென்று நெல்லுக்கு மாற்றியவர்கள். கடற்கரையை அறியாத நம் கொங்கு, தகடூர்ப் பகுதிகளுக்கு உப்பு வந்தது இத்தகையோர் வழியாகத்தான் இருக்க வேண்டும். ஒரு நாள், இரு நாளில் முடிகின்ற பயணமன்று அது. ஆகவே அவர்கள் வீட்டை விட்டுப் புறப்படவில்லை, வீட்டோடு புறப்பட்டார்கள்.

இதனை மிக விரிவாகக் காட்டுவது பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிப் பாட்டு. அதில் வரும் உமணர் வண்டியைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். வண்டிக்கு மேலே வேய்ந்த கூரை இருக்கிறது. வண்டியில் கோழிக்கூடு இருக்கிறது. உரலும் வண்டியோடு செல்கிறது. காடி வைத்த கலம் கட்டித் தொங்குகிறது. முன்புறத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் அமர்ந்து எருதுகளை ஓட்டுகிறாள். ஆடவர் வண்டி வரிசையின் பக்கத்தே காவலாக நடக்கின்றனர். இது வெறும் சரக்கு வண்டியன்று. சமையலறை, உணவுக் கிடங்கு, தொட்டில் ஆகிய மூன்றும் சக்கரத்தின்மேல் ஏறியிருக்கும் வீடு. மேனாடுகளில் இன்று பெரும்பொருள் செலவிட்டுச் செய்துகொள்ளும் வீட்டு வண்டிகளின் கருத்து முழுவதும் இங்கே இருக்கிறது. ஒரு வேறுபாடு: அவர்கள் பொழுதுபோக்குக்காகச் செல்கிறார்கள், உமணர் பிழைப்புக்காகச் சென்றனர்.

புலவர்கள் எழுதியது கணக்கேடு அன்று, கவிதை என்பதை மறந்துவிடலாகாது. எனினும் கோழிக்கூட்டையும் காடிக் கலத்தையும் கற்பனையில் உண்டாக்க வேண்டிய தேவை எந்தப் புலவருக்கும் இல்லை. கண்டதைச் சொல்லியிருக்கிறார் என்றே கொள்ளலாம்.

அடுத்து நம் பக்கத்து ஊருக்கு வருவோம். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் 102ஆம் எண்ணில் உள்ளது. எருதுகளோ இளையவை, நுகத்தடிக்குப் பழகாதவை. வண்டியிலோ பாரம் மிகுதி. வழியில் பள்ளத்தில் இறங்க நேருமோ, மேட்டில் ஏற நேருமோ, யார் அறிவார்? இப்படி எண்ணிய உமணர், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதன் பெயர் சேம அச்சு. அதைப் போன்றவன் நீ என்கிறார் ஒளவையார். ஒரு நாட்டின் இளவரசனுக்கு இதைவிடப் பொருத்தமான புகழ்ச்சி உண்டா? எல்லாம் சீராக ஓடும்போது சேம அச்சை யாரும் நினைப்பதில்லை. அச்சு முறியும் நாளில் அதுவே உயிர்.

மிகுதியாக ஏற்றினால் மயிற்பீலியும் அச்சை முறிக்கும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதும் இத்தகைய வண்டிகளைக் கண்டுதான் போலும். என் பட்டியலில் அதற்குப் பிறகு நான்கு பொருள்களை அடித்துவிட்டேன்.

மலைக்குப் போகிறவர்களுக்கென்றே எழுதப்பட்டது போன்ற பழந்தமிழ்ப் பாட்டு ஒன்றும் உண்டு. அது மலைபடுகடாம். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவன் ஊர் இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் செங்கம் என்பர். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தர் குழுவுக்கு வழி சொல்கிறான். இதில் புகழ்ச்சியைவிட எச்சரிக்கையே என் கண்ணுக்கு அதிகம் பட்டது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உண்டு. ஆகவே விடிந்தபின் செல்லுங்கள். பாம்பு ஒடுங்கும் குழிகள் உண்டு, பார்த்து நடங்கள். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வரும்; மரத்தின் பின்னே ஒதுங்குங்கள். பாசி படிந்து வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள். வழிகள் பிரியும் இடத்தில் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள். பின்னால் வரும் புதியவருக்கு அது உதவும்.

இந்த இறுதி அறிவுரையில் சற்று நின்றுவிட்டேன். தான் கடந்துவிட்ட வழியில் இனி வரப்போகும் முகம் தெரியாதவனுக்காகப் புல்லை முடிந்து வைப்பது! நம் சாலையோரப் பலகைகளுக்கு இதைவிட நல்ல மூதாதை கிடைக்குமா?

கொல்லிமலை வல்வில் ஓரியின் மலை. வன்பரணர் தம் சுற்றத்தோடு காட்டுவழியில் சென்று, வேட்டுவன் ஒருவனைக் கண்டு, அவன் தந்த ஊனும் பொன்னும் பெற்று, அவனே ஓரி என உணர்ந்ததைப் புறநானூறு 152ஆம் பாட்டு சொல்கிறது. இன்று காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைவிட இறங்குவதே கடினம். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிக் கைவிடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைச் சாலை ஓட்டுநர்களின் பாடம். ஆனால் சாலை எல்லா மலைக்கும் வந்துவிடவில்லை. எங்கள் கண்ணெதிரே இருக்கும் போதமலைக்கு அண்மை ஆண்டுகளில்தான் சாலைப் பணி தொடங்கியது. அதுவரை ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் தலைச்சுமையாகவே மேலே சென்றன. நோயாளிகள் தொட்டில் கட்டித் தூக்கிவரப்பட்டனர். நாம் வேடிக்கைக்காக ஏறும் மலை சிலருக்கு அன்றாடப் பாரம் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

இனி, சொல்லத் தயங்கிய ஒன்று. என் அம்மாவுக்கு வயது 74. முழங்கால் வலி. வண்டியில் இடம் குறைவு. “ஆயா அத்தை வீட்டில் பத்து நாள் இருக்கட்டும், அவங்களுக்கும் அலைச்சல் இல்லை” என்று பிள்ளைகள் சொன்னபோது நானும் மறுக்கவில்லை. பட்டியலில் அம்மாவின் பெயர் இல்லாமலே இரண்டு வாரம் கழிந்தது.

அப்போதுதான் வகுப்புக்காகப் புறநானூற்றின் 307ஆம் பாட்டை எடுக்க நேர்ந்தது. பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. போர்க்களத்து வீரன் ஒருவனுக்கு உவமையாக அதில் ஓர் எருது வருகிறது. கால் முடமான அந்த எருதை, நீரும் புல்லும் கொடாமல், யாருமற்ற ஓரிடத்தில் உமணர் விட்டுவிட்டுப் போய்விட்டனர். கோழிக்கும் உரலுக்கும் இடம் கொடுத்த அதே வண்டிகள். சேம அச்சைக் கட்டிய அதே கைகள். எத்தனை மேடு பள்ளங்களில் அந்த எருது அவர்கள் வீட்டை இழுத்திருக்கும்! பாட்டை விளக்கிக்கொண்டிருந்த எனக்கு அன்று குரல் சரியாக எழவில்லை.

மாலையில் பட்டியலை அம்மாவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “ஸ்டெப்னி இருக்குதுன்னு எழுதியிருக்கே, சரி. அதை மாத்தத் தெரிஞ்சவங்க உங்கள்ல யாரு?” என்று கேட்டார். மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியாது. தாத்தா மஞ்சள் ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டியில் சேலம் போன நாள்களில், புறப்படுவதற்கு முதல்நாளே கடையாணியைக் கழற்றிப் பார்த்து, அச்சுக்கு மை போட்டு, வைக்கோலும் அரிக்கேன் விளக்கும் சரிபார்த்த பிறகே உறங்கப் போவாராம். சிறுமியாக விளக்குப் பிடித்தது அம்மாதான்.

மறுநாள் வாசலில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி மாட்டப் பழகினோம். முதல்முறை முக்கால் மணி நேரம் ஆயிற்று. அம்மா நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்படுக்கை ஒன்றைக் கழற்றிவிட முடிவாகியிருக்கிறது. பிள்ளைகள் கூடாரத்தில் படுத்துக்கொள்வார்கள். கால் நீட்ட வசதியான முன் இருக்கை அம்மாவுக்கு. செங்கத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவோம். பட்டியலின் முதல் வரியில் இப்போது அம்மாவின் பெயர் இருக்கிறது. அதற்கு எதிரே, பொருள் என்னும் கட்டத்தில், ‘சேம அச்சு’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.