சிலந்தித் தாடைகளும் இன உறவும்

கனகம்மாசத்திரத்திற்கு அண்மையிலுள்ள அரக்கோணத்தில் கிடைத்த பொய்சிலோதெரியா ரெகாலிசு என்னும் பெருஞ்சிலந்தியை 1899-இல் விவரித்தவர் பிரித்தானிய விலங்கியலாளர் ஆர். ஐ. போக்காக். இத்தகைய சிலந்திகளின் முன்தாடைகளில் (கெலிசெரா) உள்ள நச்சுப்பற்கள் இணையாக நின்று கீழ்நோக்கிக் குத்தும். வீட்டுச் சிலந்திகளிலோ அவை இடுக்கிபோல் ஒன்றையொன்று நோக்கி மடங்கும்.

தாடையை மட்டும் பார்த்தால், தென்கிழக்காசியாவின் லிபிசுடியசு சிலந்தியும் பெருஞ்சிலந்திகளுடன் சேர்ந்துவிடும். ஆனால் அதன் வயிற்றின் மேற்புறத்தில் கண்டத் தகடுகள் உள்ளன. நூற்புறுப்புகள் வயிற்றின் அடியில் நடுப்பகுதியில் அமைந்துள்ளன. ஆகவே 1892-இல் போக்காக் அதைத் தனிப் பிரிவில் வைத்தார்.

கீழ்நோக்கிய பல், எல்லாச் சிலந்திகளின் மூதாதைக்கும் இருந்த பழம்பண்பாகக் கருதப்படுகிறது. பழம்பண்பு ஒத்திருப்பது நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. புதிதாகத் தோன்றிய பண்பைப் பகிர்வதே சான்றாகும்.