இல்லாத கோளைக் கண்டவர்

சூரியனைப் போல மற்ற விண்மீன்களுக்கும் கோள்கள் உண்டா? இந்தக் கேள்விக்கு "உண்டு" என்று 1963ஆம் ஆண்டிலேயே அடித்துச் சொன்னவர் பீட்டர் வான் டி காம்ப். 1901இல் நெதர்லாந்தில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறியவர். பென்சில்வேனியா மாநிலத்தில் சுவார்த்மோர் கல்லூரியின் ஸ்புரோல் வானாய்வகத்துக்கு 1937இல் இயக்குநரானார்.

மறு ஆண்டே பர்னார்ட் விண்மீனைப் படமெடுக்கத் தொடங்கினார். 6 ஒளியாண்டு தொலைவில், வெறும் கண்ணுக்குத் தெரியாத சிறிய செந்நிற விண்மீன் அது. ஒரு கோள் சுற்றி வந்தால் அதன் ஈர்ப்பால் விண்மீனும் சற்றே அசையும். அந்த அசைவைப் பிடித்துவிட்டால் போதும், கோளைக் கண்ணால் காண வேண்டியதில்லை. யோசனை சரியானதுதான். ஆனால், படம் பதிந்த கண்ணாடித் தட்டில் அந்த அசைவின் அளவு, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு! 2,000க்கும் மேற்பட்ட தட்டுகளை அளந்து பார்த்த பிறகே, வியாழனைவிடப் பெரிய கோள் ஒன்று 24 ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சுற்றுகிறது என்று அறிவித்தார். உலகம் நம்பியது. நூல்களிலும் அந்தக் கோள் இடம்பிடித்தது.

1973இல் நிலைமை தலைகீழானது. கேட்வுட், ஐக்கார்ன் என்ற இருவர் வேறு ஆய்வகங்களின் தட்டுகளை அளந்தார்கள். அசைவைக் காணோம். அதைவிடக் கசப்பான செய்தி ஸ்புரோலுக்குள்ளிருந்தே வந்தது. அங்கே பணியாற்றிய ஜான் ஹெர்ஷி, அதே தொலைநோக்கி படமெடுத்த வேறொரு விண்மீனும் அதே ஆண்டுகளில் 'அசைந்திருப்பதை'க் கண்டார். 1949இல் லென்சைத் தாங்கும் சட்டத்தை மாற்றியிருந்தார்கள். 1957இல் லென்சைச் சரிசெய்திருந்தார்கள். அசைந்தது விண்மீன் அல்ல, கருவி!

வான் டி காம்ப் இதை ஏற்கவே இல்லை. ஓய்வுபெற்றுப் பத்தாண்டு கழித்து, 1982இலும், கோள்கள் உண்டு என்றே எழுதினார். பிடிவாதம்தான். ஆனாலும் வாழ்நாளில் பாதியை ஒரே விண்மீனுக்குக் கொடுத்தவருக்கு அதைக் கைகழுவுவது எளிதா என்ன?

1995 மே மாதம் அவர் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் மிசேல் மேயர், டிடியே கெலோஸ் இருவரும் 51 பெகாசி விண்மீனைச் சுற்றும் கோளை அறிவித்தனர். அவர்கள் பயன்படுத்தியது ஒளியைப் பிரித்து ஆராயும் முறை. பிடித்தது என்னவோ விண்மீனின் அதே அசைவைத்தான். 2019இல் நோபெல் பரிசும் கிடைத்தது.

பர்னார்ட் விண்மீனுக்கும் கோள்கள் உண்டு. 2024இல் சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைநோக்கி ஒன்றைக் கண்டது. 2025இல் மொத்தம் நான்கு என உறுதியானது. நான்குமே பூமியைவிடச் சிறியவை, ஏழு நாளுக்குள் ஒரு சுற்றை முடிப்பவை. வான் டி காம்ப் சொன்ன பெருங்கோள் அவற்றில் இல்லை.