பொன் விளைந்த மண்ணும் உலகச் சந்தையும்

உலகமயமாதல் என்னும் சொல் நம் நாட்டில் 1991-ஆம் ஆண்டிற்குப் பின்னரே பெருவழக்காயிற்று. ஓரிடத்து முதலும், வேறோரிடத்து உழைப்பும், மற்றோரிடத்துச் சந்தையும் ஒன்றாகப் பிணைக்கப்படுவதே அதன் பொருள் எனின், நம் மக்கள் அதனை நூறாண்டுகளுக்கு முன்னரே அறிந்தவராவர். கோலார் தங்கவயலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

மைசூர் அரசுக்கு உட்பட்டிருந்த அவ்வயலில், 1880-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். பங்குதாரர்கள் இங்கிலாந்தில் இருந்தனர். பொன்னும் அங்கேயே சென்றது. சுரங்கங்களுக்கென 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூர் நகரமே 1905-இல்தான் மின்விளக்கைக் கண்டது.

உழைப்போ வடஆற்காடு, சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்றது. சென்றோரில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். பஞ்சமும் பண்ணையடிமை வாழ்வும் அவர்களை ஊரைவிட்டு வெளியேறச் செய்தன. சுரங்கத்தில் பாறை வெடிப்பும், நுரையீரலை அரிக்கும் கல்தூசியும் காத்திருந்தன. வாழ்வதற்கு மூங்கில் தட்டி வீடுகளே கிடைத்தன. ஆயினும் கூலி காசாகக் கைக்கு வந்தது; பண்ணையாரின் வாசலில் கைகட்டி நிற்கும் நிலை நீங்கிற்று. இவ்விரு பக்கங்களுள் ஒன்றை மறைத்துக் கூறுவது வரலாறாகாது.

அவ்விடுதலையை நம் முன்னோர் வீணாக்கவில்லை. சுரங்க ஊர்களில் பௌத்த சங்கங்கள் தோன்றின. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் 1914-இல் மறைந்த பின்னர், 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து வெளிவந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். எண்ணாகக் கருதப்பட்டோர் தம்மை மனிதராக எண்ணத் தொடங்கியதன் அடையாளங்கள் இவை.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசுடைமையாயின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. ஆழம் 3 கிலோமீட்டருக்கு மேல் சென்றது, செலவு பெருகிற்று, கனிமத்தில் பொன் குறைந்தது. ஆனால் பொன்னின் விலை உலகச் சந்தையில் வகுக்கப்பட்டது. ஓர் அவுன்ஸ் ஏறத்தாழ 270 டாலராக வீழ்ந்திருந்த 2001-ஆம் ஆண்டில், பிப்ரவரி 28 அன்று, சுரங்கங்கள் மூடப்பட்டன. 2008 மார்ச்சில் அதே அவுன்ஸ் 1,000 டாலரைக் கடந்தது. அவ்வுயர்வால் தங்கவயல் தொழிலாளிக்கு ஒரு நாள் வேலையும் மீளவில்லை. விலையை வகுக்கும் இடத்தில் உழைப்பவனுக்கு இருக்கை இல்லை என்பதே இதனால் நாம் அறிவது.

இன்று தங்கவயல் மக்கள் ஆயிரக்கணக்கில் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். மென்பொருளும் ஆயத்த ஆடையும் கடல் கடக்கும் அந்நகரிலும் அவர்கள் காண்பது அதே உலகச் சந்தையைத்தான். ஒரே வண்டியில் செல்வோருள் கற்றவர் கணிப்பொறியின் முன் அமர்கிறார். கல்லாதவர் அக்கட்டடத்தின் வாயிலைக் காக்கிறார், அல்லது தரையைத் துடைக்கிறார்.

உலகச் சந்தையைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் நம்மிடம் இல்லை. ஆனால் எந்த வாயில் வழியாக நம் பிள்ளைகள் அதனுள் நுழைவர் என்பதை ஓரளவேனும் நாம் முடிவு செய்ய இயலும். நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவருவது அப்பணியே. பள்ளியை இடையில் விட்டுக் கூலிக்குச் செல்லும் ஒரு பிள்ளையேனும் நம் ஊர்களில் உள்ளவரை, அப்பணி முடிந்ததென நாம் கொள்ளலாகாது.